பழைய இயங்குதளத்தில் ஓடும் விஎம் தானாக ரீபூட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். "சார், பில்லிங் போயிடுச்சு." எழுந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் "சார், வந்துடுச்சு" என்று இன்னொரு போன். உள்ளே போய்ப் பார்த்தால் சர்வர் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும். அப்டைம் மட்டும் நான்கு நிமிடம் என்று காட்டும். தானாக விழுந்தது, தானாக எழுந்தது. காரணம் தெரியாது. மறுபடி எப்போது விழும் என்பதும் தெரியாது.

பழைய விண்டோஸ், பழைய லினக்ஸ் விஎம்களை, அதாவது ஒரு நிஜ சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த இரவு பழக்கமானது. பல வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ரீபூட் பொத்தானை அழுத்தியது யார்? கெஸ்ட்டா (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்), ஹோஸ்ட்டா (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வர்), வெளியாளா? இதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு செட்டிங்கையும் தொடாதீர்கள்.

"பழைய இயங்குதளம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

தயாரித்தவரிடமிருந்து வழக்கமான பாதுகாப்பு பேட்ச் வருவது நின்றுபோன எதையும். விண்டோஸ் சர்வர் 2003க்கு 2015 ஜூலை 14 அன்று ஆதரவு முடிந்தது. 2008, 2008 ஆர்2 இரண்டுக்கும் 2020 ஜனவரி 14. 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் 2023 அக்டோபர் 10. சென்ட்ஓஎஸ் 6க்கு 2020 நவம்பர் 30, சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30. இந்தப் பட்டியலில் உள்ள ஒன்றாவது உங்கள் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு பழைய மென்பொருள் புதியதில் ஓடாது என்பதால் விட்டுவைத்திருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரீபூட் ஆனது தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லாக்குகளை வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

விஎம்களை ஓட்டும் மென்பொருளான (ஹைப்பர்வைசர்) விஎம்வேரில் ஒவ்வொரு விஎம்மின் ஃபோல்டரிலும் அதற்கென்று ஒரு லாக் ஃபைல் இருக்கும். விஎம்மை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதெல்லாம் புது லாக் தொடங்கும். வழக்கமாகச் சில பழைய லாக்குகள்தான் மிச்சம் வைக்கப்படும். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்று ஆளாளுக்கு ஒரு முறை செய்தால் நீங்கள் தேடும் லாக் அழிந்தே போய்விடும்.

அடுத்தது ஹோஸ்ட்டின் அப்டைம். அந்த ஹோஸ்ட்டே ரீபூட் ஆகியிருந்தாலோ, அதில் இருந்த மற்ற விஎம்களும் அதே நேரத்தில் எழுந்திருந்தாலோ, பழைய இயங்குதளத்தின் மேல் பழி போடாதீர்கள். பிரச்சினை ஹார்டுவேரிலோ ஹைப்பர்வைசரிலோ இருக்கிறது.

விண்டோஸ் கெஸ்ட்டில் எந்த ஈவன்ட்களைப் பார்ப்பது?

சிஸ்டம் லாக்கில் சில எண்கள் போதும்.

1074 இருந்தால் நிம்மதி. யாரோ முறைப்படி கேட்டுத்தான் ரீபூட் நடந்திருக்கிறது. எந்த புராசஸ், எந்த யூசர், என்ன காரணம் என்று மூன்றும் அதிலேயே எழுதியிருக்கும். ஒரு இடத்தில் ஞாயிறு தோறும் ஒரு 2008 ஆர்2 சர்வர் விழுந்துகொண்டிருந்தது. மெமரியை மாற்றினார்கள், வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தினார்கள். 1074-ஐத் திறந்து பார்த்தபோது அதில் ஷட்டவுன் கட்டளையின் பெயரும் ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்டும் இருந்தன. வேலையை விட்டுப் போன ஒருவர் எப்போதோ டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவைத்த வாராந்திர ரீபூட் அது. மூன்று மாதம் தேடிய விடை ஒரே வரியில் இருந்தது.

6006 என்பது ஈவன்ட் லாக் சேவை ஒழுங்காக நின்றதைக் காட்டும். 6005 மறுபடி தொடங்கியதை. 6005க்கு முன்னால் 6006 இல்லாமல் 6008 இருந்தால் சிஸ்டம் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்திருக்கிறது. பக்செக் என்ற பெயரில் 1001 இருந்தால் நீலத்திரை (விண்டோஸ் நொறுங்கும்போது காட்டும் பிழைத் திரை) வந்து, அதன் விவரமும் பதிவாகியிருக்கிறது.

6008-ஐப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அந்த ஈவன்ட் பதிவான நேரம், சர்வர் எழுந்த நேரம். விழுந்த நேரம் அதன் வாசகத்துக்குள் இருக்கும். அதுவும் சர்வர் கடைசியாகக் குறித்துவைத்த நேரம்தான். உண்மையில் விழுந்தது சில நிமிடம் பிந்தியிருக்கலாம்.

1076 என்பது விழுந்த பிறகு லாகின் செய்யும் நிர்வாகி தட்டச்சு செய்யும் காரணம். அந்தப் பெட்டியில் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு ஓகே அழுத்தும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த லாக்கைப் படிக்கப் போகிறவருக்கு "கரண்ட் போச்சு" என்ற இரண்டு சொல்கூடப் பெரிய உதவி.

41 என்று வருகிறது, பக்கத்தில் கெர்னல் பவர் என்று இருக்கிறது. யுபிஎஸ் கோளாறா?

இல்லை. பெயரில் பவர் இருப்பதால் வரும் குழப்பம். "போன முறை நான் ஒழுங்காக நிறுத்தப்படவில்லை" என்பது மட்டும்தான் அதன் பொருள். அதன் விவரத்துக்குள் பக்செக் கோட் என்று ஒரு இடம் இருக்கும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் நீலத்திரை. பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து ரீசெட் அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது சிஸ்டம் உறைந்துபோய் எதையும் எழுத முடியாமல் போயிருக்கிறது. விஎம் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஹோஸ்ட் பக்கம்.

ஹோஸ்ட் லாக்கில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லையே?

நேரத்தை மாற்றிப் பார்த்தீர்களா? விஎம்வேர் ஹோஸ்ட்டின் லாக்குகள் யூடிசி நேரத்தில் எழுதப்படும். விண்டோஸ் ஈவன்ட் வியூவர் உள்ளூர் நேரத்தைக் காட்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். 14ஆம் தேதி அதிகாலை 2:10க்கு விழுந்த விஎம்மின் கதை 13ஆம் தேதி 20:40 என்று ஹோஸ்ட் லாக்கில் இருக்கும். மணியை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்து, ஒரு முழு நாள் தள்ளித் தேடுவது எல்லாருக்கும் நடக்கிறது.

கெஸ்ட்டின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள். என்டிபி (கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரிசெய்யும் வசதி) இல்லாத பழைய விஎம்களில் பத்து நிமிடம் விலகியிருப்பது சாதாரணம்.

ஹோஸ்ட் பக்கம் என்ன தேடுவது?

விஎம்வேர் என்றால் விஎம்மின் லாக்கில் மூன்று விதமான தடயம் கிடைக்கும். கெஸ்ட்டே ஹார்டு ரீசெட் கேட்டதாகச் சொல்லும் வரி ஒன்று. வின்பிஎஸ்ஓடி என்று தொடங்கும் வரிகள் இருந்தால் கெஸ்ட்டில் நீலத்திரை வந்திருக்கிறது. திரையில் தெரிந்த எழுத்துகள்கூட அதில் பதிவாகியிருக்கும். விர்ச்சுவல் சிபியு ஷட்டவுன் நிலைக்குப் போனதாகச் செய்தி இருந்தால் அது டிரிபிள் ஃபால்ட். கெஸ்ட் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) பிழையைக் கையாளும் போது இன்னொரு பிழை, அதைக் கையாளும் போது மூன்றாவது. நீலத்திரை காட்டக்கூட அதற்கு அவகாசம் இருந்திருக்காது.

மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் ஹோஸ்ட்டின் ஈவன்ட் வியூவரில் ஹைப்பர்-வி வொர்க்கர் என்ற பகுதியைப் பாருங்கள். 18514 என்றால் கெஸ்ட்டே ரீசெட் ஆனது. 18560 என்றால் டிரிபிள் ஃபால்ட். 18590 என்றால் கெஸ்ட் தன் பிழைக் குறியீட்டையும் சொல்லிவிட்டு விழுந்திருக்கிறது. குறியீடுகள் அங்கேயே இருக்கும்.

லினக்ஸில் ஓடும் கேவிஎம், புராக்ஸ்மாக்ஸ் என்றால் விஎம் என்பது ஹோஸ்ட்டில் ஓடும் ஒரு புராசஸ்தான். ஹோஸ்ட்டில் மெமரி தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் பெரிய புராசஸாகப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் அது உங்கள் பெரிய விஎம்மாக இருக்கும். ஹோஸ்ட்டின் கெர்னல் லாக்கில் "அவுட் ஆஃப் மெமரி" வரியைத் தேடுங்கள். கெஸ்ட்டுக்குள் ஒரு தடயமும் இருக்காது. மின்சாரத்தைப் பிடுங்கியதுபோல் போயிருக்கும்; எச்ஏ (விழுந்த விஎம்மைத் தானாக எழுப்பும் வசதி) போட்டிருந்தால் தானாக எழுந்துமிருக்கும்.

எச்ஏ மானிட்டரிங்கே விஎம்மை ரீசெட் செய்யுமா?

செய்யும். பழைய விஎம்கள் விழுவதில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

விஎம்வேரின் விஸ்பியர் எச்ஏவில் விஎம் மானிட்டரிங் என்று ஒரு வசதி உண்டு. கெஸ்ட்டில் ஓடும் விஎம்வேர் டூல்ஸ் விடாமல் ஹார்ட்பீட் அனுப்பிக்கொண்டிருக்கும். அது நின்றால் கெஸ்ட் உறைந்துவிட்டதாக எச்ஏ சந்தேகப்படும். கடைசி 120 வினாடியில் டிஸ்க்கிலோ நெட்வொர்க்கிலோ ஏதாவது போக்குவரத்து இருந்ததா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் ரீசெட். சென்சிட்டிவிட்டியை ஹை என்று வைத்தால் ஹார்ட்பீட்டுக்காக 30 வினாடிதான் பொறுக்கும்; மீடியம் 60, லோ 120. ரீசெட் செய்வதற்கு முன் கன்சோல் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து விஎம்மின் ஃபோல்டரிலேயே வைத்துவிடும். பலருக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது.

ஒரு 2008 ஆர்2 ஃபைல் சர்வர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அதிகாலை 2:10 வாக்கில் விழுந்துகொண்டிருந்தது. கெஸ்ட்டில் 41, 6008 மட்டும், பக்செக் பூஜ்யம், டம்ப் (நொறுங்கிய நேரத்து மெமரியின் பதிவு) இல்லை. விஎம் ஃபோல்டரைத் திறந்தபோது வரிசையாகச் சில படங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். யாரோ கன்சோலில் லாகின் செய்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள், அதனால் டெஸ்க்டாப் முழுசாகத் தெரிந்தது. நீலத்திரை இல்லை. வலது மூலையில் கடிகாரம் 2:07 என்று காட்டியது. ரீசெட் நடந்தது 2:10க்கு. அதாவது ரீசெட்டுக்கு முன்பே மூன்று நிமிடமாக அந்த விண்டோஸ் நகரவில்லை.

2:07க்கு என்ன நடந்தது? பேக்கப் முடிந்து ஸ்னாப்ஷாட்டை (டிஸ்க்கின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைப்பது) அழிக்கும் வேலை தொடங்கியிருந்தது. விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் அதே டேட்டாஸ்டோரில் இன்னும் நான்கு விஎம்களின் பேக்கப் அதே நேரத்தில். இது போதாதென்று அந்த விஎம்மில் யாரோ 14 மாதம் முன்பு எடுத்து மறந்துபோன ஒரு ஸ்னாப்ஷாட் பெரிதாக வளர்ந்து கிடந்தது. டிஸ்க் பதில் சொல்லவில்லை, விண்டோஸ் உறைந்தது, டூல்ஸ் மௌனமானது, எச்ஏ தன் கடமையைச் செய்தது. பழைய ஸ்னாப்ஷாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக அழித்தோம், பேக்கப் நேரங்களைப் பிரித்தோம், சென்சிட்டிவிட்டியை லோவுக்கு மாற்றினோம். அந்த 2:10 ரீபூட் அதோடு நின்றது. விண்டோஸில் ஒரு வரியையும் மாற்றவில்லை.

அப்படியானால் விஎம் மானிட்டரிங்கை நிறுத்திவிடலாமா?

காரணம் தேடும் நாட்களில் அந்த ஒரு விஎம்முக்கு மட்டும் நிறுத்துங்கள். கெஸ்ட் உறைந்தால் உறைந்த நிலையிலேயே பார்க்க முடியும். தேடி முடித்ததும் மறுபடி போட மறக்காதீர்கள்.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அணைகிறது. கடிகாரம் வைத்ததுபோல்.

லைசென்ஸைப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதலான பதிப்புகளின் இவால்யுவேஷன் எடிஷன் 180 நாள் ஓடும். அது முடிந்ததும் மணிக்கு ஒரு முறை தானாக அணையும். சிஸ்டம் லாக்கில் டபிள்யூஎல்எம்எஸ் என்ற பெயரோடு, லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டது என்ற செய்தி இருக்கும். சோதனைக்காக என்று போட்ட விஎம் மெல்ல மெல்ல உற்பத்திக்கு வந்துவிடும் இடங்களில் இது நடக்கும். எடிஷனை மாற்றி முறையான கீ போடுவதுதான் நிலையான வழி.

நீலத்திரை வந்தது, ஆனால் டம்ப் ஃபைல் இல்லை. ஏன்?

மெமரி டம்ப் முதலில் பேஜ் ஃபைலில்தான் எழுதப்படும். பழைய விஎம்களில் சி டிரைவ் 40 ஜிபியாக இருக்கும், அதில் 300 எம்பிகூட மிச்சம் இருக்காது. இடம் போதவில்லை என்று யாரோ பேஜ் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது எடுத்தேவிட்டிருப்பார்கள். சி டிரைவில் போதுமான பேஜ் ஃபைல் வையுங்கள். முழு டம்ப் வேண்டாம், கெர்னல் டம்ப் போதும்.

சிஸ்டம் பிராப்பர்டீஸில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற டிக்கைச் சில நாள் எடுத்துவைக்கலாம். நீலத்திரை அப்படியே நிற்கும். ஆனால் எச்ஏ மானிட்டரிங் ஓடிக்கொண்டிருந்தால் நின்ற நீலத்திரையை அது ரீசெட் செய்துவிடும். இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். இரவில் சர்வர் எழாமல் நிற்கும் என்பதை மேலிடத்தில் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீலத்திரைக் குறியீடுகளில் விஎம்முக்கென்று கவனிக்க வேண்டியவை?

101 வந்தால் ஒரு விர்ச்சுவல் சிபியுவுக்கு உரிய நேரத்தில் கடிகாரத் துடிப்பு போய்ச் சேரவில்லை. ஹோஸ்ட்டில் சிபியு நெருக்கடி இருக்கிறதா, சிபியு ரெடி (விஎம் சிபியுவுக்காகக் காத்திருந்த நேரம்) அளவு எவ்வளவு என்று பாருங்கள். எட்டு சிபியு கொடுத்த பழைய விஎம்முக்கு இரண்டு போதுமானதாக இருக்கும்.

7ஏ வந்தால் பேஜ் ஃபைலை டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. ஸ்டோரேஜ் பக்கம் போங்கள். விஎம்வேர் டூல்ஸ் விண்டோஸின் டிஸ்க் டைம்அவுட்டை 60 வினாடியாக வைக்கும். டூல்ஸ் இல்லாத விஎம்மில் அது குறைவாக இருக்கலாம்.

7பி வந்தால் பூட் டிஸ்க்கே தெரியவில்லை. வேறு ஹைப்பர்வைசருக்கு மாற்றிய உடனேயோ, டிஸ்க் கன்ட்ரோலர் வகையை மாற்றிய பிறகோ வரும். உள்ளே டிரைவர் இல்லாததுதான் காரணம். ரீபூட், 7பி, ரீபூட் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய கன்ட்ரோலர் வகைக்குத் திருப்புங்கள், எழும்.

9இ வந்தால் அது ஃபெயில்ஓவர் கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும் சர்வர் கூட்டம்) தன் நோடை, அதாவது தன் சர்வர்களில் ஒன்றைத் தானே விழவைத்தது.

லினக்ஸ் கெஸ்ட்டில் எப்படித் தேடுவது?

லாஸ்ட் கட்டளையை எக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இரண்டு ரீபூட் வரிகளுக்கு நடுவே ஷட்டவுன் வரி இருந்தால் முறையான ரீபூட். இல்லாவிட்டால், அப்போது உள்ளே இருந்தவர்களின் வரியில் கிராஷ் என்று இருக்கும். பிறகு மெசேஜஸ் லாக்கில் புதிய பூட் தொடங்குவதற்கு முந்தைய பத்து வரிகள். சென்ட்ஓஎஸ் 7-இல் ஜர்னல் பொதுவாக மெமரியில்தான் இருக்கும், ரீபூட்டில் போய்விடும். அதனால் மெசேஜஸ்தான் நம்பிக்கை.

இன்னொரு நல்ல துப்பு: கெர்னல் பேனிக் (லினக்ஸின் நீலத்திரை என்று சொல்லலாம்) ஆனால் லினக்ஸ் தானாக ரீபூட் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கெர்னல் டாட் பேனிக் மதிப்பு பூஜ்யமாக இருந்து, கேடம்ப்பும் (லினக்ஸில் டம்ப் எடுக்கும் வசதி) இல்லையென்றால் பேனிக் ஆன இடத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட விஎம் எழுந்துவிட்டிருந்தால் பேனிக் மட்டும் அதற்குக் காரணமாக முடியாது. யாரோ ரீசெட் அடித்திருக்கிறார்கள், பெரும்பாலும் எச்ஏ. மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட்டில் பேனிக் வரிகள் அப்படியே கிடைக்கும். கேடம்ப் இருந்தால் வார் டைரக்டரியின் கிராஷ் ஃபோல்டரில் டம்ப்போடு கெர்னலின் கடைசிச் செய்திகளும் இருக்கும். கேடம்ப் இல்லாத பழைய விஎம்மில் இன்றே அதைப் போடுங்கள்.

"சாஃப்ட் லாக்கப்" செய்தி வந்திருந்தால் பயப்பட வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7-இல் 22 வினாடி, 6-இல் 67 வினாடி சிபியு சிக்கிக்கொண்டதாகச் சொல்லும். ஸ்னாப்ஷாட்டுக்காக விஎம் நிறுத்திவைக்கப்பட்ட நேரம் அது என்றால் கெர்னலில் தவறில்லை. சாஃப்ட்லாக்கப் பேனிக் என்ற செட்டிங்கை யாராவது ஆன் செய்து வைத்திருந்தால் மட்டும் அதுவே ரீபூட்டாக முடியும்.

200 நாளுக்கு மேல் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று விழுந்தது. தற்செயலா?

நாளை எண்ணிப் பாருங்கள். பழைய 2.6.32 கெர்னல்களில் ஒரு பிழை இருந்தது. சிபியுவின் டிஎஸ்சி கடிகாரத்தை நானோ வினாடியாக மாற்றும் கணக்கில் 2-இன் 54ஆவது அடுக்கைத் தாண்டும்போது எண் வழிந்துவிடும். அது 208.5 நாள். அன்றைக்குக் கெர்னல் பேனிக் ஆகலாம். சென்ட்ஓஎஸ் ஆறாம் வரிசையின் தொடக்க காலக் கெர்னலை அப்படியே விட்டுவைத்தவர்கள் மாட்டினார்கள். பின்னால் வந்த கெர்னல்களில் சரிசெய்யப்பட்டது.

விண்டோஸ் 2008 ஆர்2-இல் வேறொரு எண் உண்டு: 497 நாள். அது தானாக ரீபூட் ஆகாது. முடிந்துபோன டிசிபி இணைப்புகளின் போர்ட்டுகள் விடுவிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் புதிய இணைப்பே எடுக்க முடியாது. அப்போது மானிட்டரிங் ஸ்கிரிப்ட்டோ பதற்றமான ஒருவரோ ரீபூட் செய்வார்கள். அதற்கும் பேட்ச் வந்தது.

அப்டைம் நீளமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் நம் துறையில் உண்டு. பழைய கெர்னலில் அந்த நீளமே ஆபத்து.

ஆரக்கிள் ராக் (பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை ஓட்டும் கிளஸ்டர்) நோடுகள் மட்டும் விழுகின்றன.

அது எவிக்‌ஷன். கிளஸ்டர்வேரின் மிஸ்கவுன்ட் 30 வினாடி. அவ்வளவு நேரம் ஒரு நோடின் குரல் கேட்கவில்லையென்றால் மற்ற நோடு அதை வெளியேற்றிவிடும். 11.2.0.2-க்கு முந்தைய பதிப்புகளில் வெளியேற்றம் என்றால் நோடே ரீபூட் ஆவதுதான். ஸ்னாப்ஷாட், விமோஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது), மெதுவான ஸ்டோரேஜ் மூன்றும் 30 வினாடி மௌனத்தை உண்டாக்கப் போதும். அந்த விஎம்களை ஸ்னாப்ஷாட் வழி பேக்கப்பிலிருந்து எடுத்துவிட்டு ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவியான ஆர்மேனில் பேக்கப் எடுங்கள். லினக்ஸின் பேஸ்மேக்கர் கிளஸ்டரும் இப்படித்தான். பதில் சொல்லாத நோடை மற்றது ஃபென்ஸ் செய்யும், அதாவது வலுக்கட்டாயமாக விலக்கும்.

பேட்ச் போட்ட பிறகுதான் தொடங்கியது.

டொமைன் கன்ட்ரோலரா (நெட்வொர்க்கின் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்)? 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்கள் 2012 ஆர்2 உள்படப் பல பதிப்புகளில் டொமைன் கன்ட்ரோலர்களைத் திரும்பத் திரும்ப ரீபூட் செய்யவைத்தன. 17ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தனியாகத் திருத்தம் வெளியிட்டது. 2024 மார்ச் அப்டேட்களில் லாகினைக் கவனிக்கும் எல்சாஸ் புராசஸின் மெமரி கசிந்து அதே கதை நடந்தது. எல்சாஸ் விழுந்தால் விண்டோஸ் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும், அது அதன் வடிவமைப்பு. அப்ளிகேஷன் லாக்கில் வின்இனிட் பெயரில் 1015 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடைசியாக வந்த அப்டேட்டை எடுங்கள் அல்லது அதன் திருத்தத்தைப் போடுங்கள்.

இது தாக்குதலாக இருக்குமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நான் எப்போதும் கேட்கிறேன். பேட்ச் இல்லாத இயங்குதளத்தில் காரணமில்லாத ரீபூட் என்பது உள்ளே நுழையப் பார்த்தவர் தடுக்கி விழுந்த சத்தமாக இருக்கலாம்.

பழைய நினைவு உள்ளவர்களுக்கு 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் தெரியும். திரையில் 60 வினாடிக் கவுன்ட்டவுன் ஓடும், எக்ஸ்பி ரீபூட் ஆகும். அடுத்த வருடம் சாஸர் வந்தபோது எல்சாஸ் விழுந்து அதே கவுன்ட்டவுன். அந்தப் புழுக்களின் நோக்கம் ரீபூட் செய்வது அல்ல. தாக்கும்போது சேவை நொறுங்கியதால் வந்த பக்கவிளைவு அது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை பரவியபோதும் எக்ஸ்பியில் அது பெரும்பாலும் பரவ முடியாமல் நீலத்திரையில்தான் முடிந்தது. 2019-இல் ப்ளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டைக்கு மே 14 அன்று எக்ஸ்பி, 2003க்கும் சேர்த்தே பேட்ச் வந்தது. அதே வருடம் அக்டோபர் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் பொறியாக வைத்திருந்த விண்டோஸ் சிஸ்டம்கள் வரிசையாக நீலத்திரை காட்டி ரீபூட் ஆயின. அந்த ஓட்டையை யாரோ பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஆகவே நீலத்திரையில் எஸ்ஆர்வி, எஸ்ஆர்விநெட், டெர்ம்டிடி போன்ற ஃபைல் பெயர்கள் வந்தால் அதை டிரைவர் கோளாறு என்று முடித்துவிடாதீர்கள். முதல் இரண்டும் ஃபைல் ஷேரிங், மூன்றாவது ரிமோட் டெஸ்க்டாப். 445, 3389 போர்ட்டுகளில் யார் தட்டினார்கள் என்று ஃபயர்வாலில் பாருங்கள். அதே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட பழைய விஎம்கள் வெவ்வேறு ஹோஸ்ட்டுகளில் விழுந்திருந்தால் தயங்காமல் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். டம்ப்பைப் பிறகு படிக்கலாம்.

டூல்ஸைப் புதுப்பித்தால் சரியாகுமா?

சில நேரம். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 2003, எக்ஸ்பிக்கு விஎம்வேர் டூல்ஸ் 10.0.12 தான் கடைசி. 2008 ஆர்2-இல் புதிய டூல்ஸ் போடும் முன் ஷா-2 கையெழுத்தை ஏற்கும் பேட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் டிரைவர்களை விண்டோஸ் ஏற்காது. டூல்ஸ் புதுப்பிப்பு விண்டோஸ் கெஸ்ட்டை ரீபூட் செய்யும் என்பதையும் மறக்காதீர்கள். "ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டூல்ஸைப் புதுப்பி" என்ற டிக் இருந்தால், அதுவே நீங்கள் தேடும் இரண்டாவது ரீபூட்டாக இருக்கும்.

கிளவுடில் இருக்கும் விஎம்?

ஹோஸ்ட் லாக் உங்களுக்குக் கிடைக்காது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் என்றால் சிஸ்டம் ஸ்டேட்டஸ் செக், இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்டஸ் செக் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது விழுந்திருந்தால் அடியில் உள்ள ஹோஸ்ட், இரண்டாவது மட்டும் என்றால் உங்கள் கெஸ்ட். அஷூரில் ரிசோர்ஸ் ஹெல்த் பக்கம்.

நிர்வாகம் இயங்குதளத்தை மாற்ற மாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

ஒவ்வொரு ரீபூட்டையும் தேதி, நேரம், காரணம், எத்தனை பேர் எவ்வளவு நேரம் வேலையில்லாமல் நின்றார்கள் என்று ஒரு எக்செல்லில் எழுதிவாருங்கள். "பழசு, மாத்தணும்" என்று சொன்னபோது அசையாதவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து அசைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை: அந்த விஎம்மைத் தனி விலேனில் (பிரித்துவைத்த நெட்வொர்க் பகுதியில்) வையுங்கள், தேவையான போர்ட்டுகளை மட்டும் திறங்கள், இணையத்தைத் துண்டியுங்கள். 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் கட்டணம் கட்டினால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். 2008 வரிசைக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. வாரம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு குளோனை (நகலை)த் தனி நெட்வொர்க்கில் எழுப்பிப் பாருங்கள். பேக்கப் இருக்கிறது என்பதும் அது எழும் என்பதும் வேறு வேறு.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

முன்பு விழுந்த இடைவெளியில் மிக நீளமானதை எடுத்து அதைப்போல் மூன்று மடங்கு காத்திருங்கள். வாரம் ஒரு முறை விழுந்தது என்றால் மூன்று வாரம். அதற்கிடையில் ஒரு மாத இறுதியும் ஒரு முழு பேக்கப்பும் வந்துபோக வேண்டும், ஏனென்றால் பாரம் ஏறுவது அப்போதுதான். இந்த நாட்களில் வேறு எந்த மாற்றமும் செய்யாதீர்கள். செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது. டிக்கெட்டை மூடும்போது "மானிட்டர் செய்யப்பட்டது" என்று எழுதாமல், ரீபூட் செய்தது யார் என்பதை எழுதி மூடுங்கள்.